ஏ.சி.எல். ஆபரேஷன்: முழங்காலுக்கு அடியில் தலையணை வேண்டாம்

முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற ஜவ்வு கிழிந்துவிட்டது என்று எம்.ஆர்.ஐ. கவரோடு வருகிறவர்களில் கபடி ஆடும் பையன்கள் அதிகம். அடுத்து, பைக் சறுக்கும்போது காலை ஊன்றியவர்கள். பிசியோவாக வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறேன், போன வருஷத்து ஆள் செய்த அதே தவறைத்தான் இந்த வருஷத்து ஆளும் செய்கிறார். மாத்திரையை விடாதே, கட்டை நனைக்காதே என்பதெல்லாம் டிஸ்சார்ஜ் சீட்டிலேயே இருக்கிறது. அதை விட்டுவிடுவோம்.

வீக்கத்தோடு அவசர ஆபரேஷன்

ஏ.சி.எல். மட்டும் கிழிந்திருந்தால் பெரும்பாலும் நாளைக்கே வெட்ட வேண்டியதில்லை. வீக்கம் வடிந்து, கால் முழுதாக நீண்டு, தொடைத் தசை வேலை செய்யத் தொடங்கிய பிறகு போனால் அப்புறம் தேறுவது சுலபம். மூட்டுக்குள் மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பான மெனிஸ்கஸ் கிழிந்து மூட்டு பூட்டிக்கொண்டால் கதை வேறு. அதை சர்ஜன் முடிவு செய்வார்.

தலையணை

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான், ஏனென்றால் காசே செலவில்லாமல் தடுக்கக்கூடியது.

ஒரு ரைடர், ஆபரேஷன் முடிந்து ஆறாவது வாரம் நொண்டிக்கொண்டு வந்தார். மல்லாக்கப் படுக்கவைத்து முழங்காலுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன். நல்ல காலில் விரல் நுழையவே சிரமம். மற்ற காலில் என் உள்ளங்கை தாராளமாகப் போய் வந்தது. வீட்டில் எப்படிப் படுக்கிறான் என்று கூட வந்த அம்மாவிடம் கேட்டேன். “வலிக்குதுன்னு அழுதான் சார், முட்டிக்கு அடியில தலையணை வெச்சுத்தான் தூங்க வெச்சேன்” என்றார்.

அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது. வீங்கிய மூட்டு லேசாக மடங்கியிருந்தால்தான் உள்ளே நீருக்கு இடம் கிடைக்கும், வலியும் குறையும். ஆனால் இரவெல்லாம் அப்படியே கிடந்தால் மூட்டின் பின்பக்கம் சுருங்கிப் போகும். சிலருக்கு ஆபரேஷனில் வைத்த புது ஜவ்வின் முன்னால் தழும்புத் திசு உருண்டு வளர்ந்து, கதவிடுக்கில் மாட்டிய கல்லைப் போல, காலை நீள விடாமல் தடுக்கும். கால் நீளாவிட்டால் தொடைத் தசை சூம்பும், நடை நொண்டும், முட்டிக்கு முன்னால் வலி நிற்காது. இவருக்கு அந்தத் திசுவை எடுக்க மறுபடியும் மூட்டுக்குள் போக வேண்டியதாயிற்று. இன்னொரு மயக்க ஊசி, இன்னொரு பில், அந்த சீசனும் போயிற்று.

வீட்டில் எல்லோரும் கேட்பது “90 டிகிரி மடங்கிடுச்சா?” என்றுதான். மடங்குவது மெதுவாக வந்தாலும் வந்துவிடும். நீளுவதைத்தான் முதல் சில வாரங்களிலேயே பிடிக்க வேண்டும்.

துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முழங்கால் அந்தரத்தில் நிற்கட்டும். ஒரு தடவைக்கு பத்து நிமிடம், நாளைக்கு நாலைந்து தடவை. நடுநடுவே தொடையை இறுக்கி ஐந்து எண்ணி விடுங்கள். இறுக்கும்போது முட்டிச்சில்லு தொடைப் பக்கம் நகர்வது கண்ணுக்குத் தெரிய வேண்டும். காலை உயர்த்தி வைக்கச் சொன்னால் தலையணை கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கும்தான்.

பக்கத்து பெட்காரரோடு ஒப்பிடுவது

அவருக்கு ஏ.சி.எல். மட்டும், உங்களுக்கு மெனிஸ்கஸிலும் தையல் போட்டிருக்கலாம். எப்போது ஊன்றலாம், எவ்வளவு மடக்கலாம் என்ற கணக்கே மாறிவிடும்.

எண்ணெய் போட்டு நீவுவது

வேண்டாம்.

வலி இல்லை, ஓடலாம்

மூன்றாம் மாதம் கால் லேசாகிவிடும். ஆபத்தும் அப்போதுதான். தொடையின் பின்பக்கத்திலோ முட்டிச்சில்லுக்குக் கீழிருந்தோ எடுத்து வைத்த நார், புது ரத்த ஓட்டம் பிடித்து ஜவ்வாக மாறும் முன் முதலில் பலம் இழக்கும். வெளியே எதுவும் தெரியாது. கபடி, ஃபுட்பால் என்றால் குறைந்தது 9 மாதம். அதோடு, தொடை பலமும் ஒற்றைக்கால் தாவலும் நல்ல காலில் 90 சதவீதத்துக்காவது வர வேண்டும். காலண்டர் மட்டும் போதாது. கோச் கூப்பிடுகிறார் என்பதெல்லாம் காரணமே இல்லை.

கெண்டைக்கால் வலி

ஒரு பக்கம் மட்டும் வீங்கி, சூடாகி, தொட்டாலே வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள், அதுவரை யாரும் அமுக்கிவிடக் கூடாது. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ நேராக எமர்ஜென்சி.