போல்ட்டைப் பார்க்கும் முன் சுவரைப் பாருங்கள்: வீட்டு ஜிம்மில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் உடற்பயிற்சிக் கருவி பொருத்துவோர், அது எத்தனை கிலோ தாங்கும் என்று கடையில் விசாரிக்கிறார்களே தவிர, அதை மாட்டப்போகும் சுவர் எத்தகையது என்று கேட்பதில்லை. கடலூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் நானும் அப்படித்தான், தொங்கி உடலை மேலே இழுக்கும் புல்-அப் பாரை நாலரை அங்குலத் தடுப்புச் சுவரில் மாட்டினேன். பத்து நாள்கூட ஆகவில்லை, பாருக்கு நேர்கீழே கோலமாவு சிந்தியதுபோல் பொடி கிடந்தது. அண்ணாந்து பார்த்தால் மேல் போல்ட்டைச் சுற்றிப் பூச்சு மயிரிழையாக விரிந்திருந்தது.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. சுவரிலிருந்து 60 செ.மீ. வெளியே நீண்ட பாரில் 75 கிலோ எடையுள்ள ஒருவர் தொங்குகிறார் என்றும், அதைத் தாங்கும் மேல், கீழ் போல்ட்டுகளுக்கு இடையே 30 செ.மீ. இருக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், மேல் வரிசைப் போல்ட்டுகளைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை மட்டும் 150 கிலோ அளவுக்கு வந்துவிடும். ஆடாமல் தொங்கினால்தான் இந்தக் கணக்கு. உதைத்து எழும்பினால் இன்னும் கூடும்.

ஆகவே பாரை கான்கிரீட் பீமிலோ தூணிலோ மாட்டுவதே முறை. அது அமையாத வீட்டில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைத் தேர்ந்தெடுத்து, செங்கல்லின் நடுவில் துளையிட்டு, ரசாயனப் பசை ஊற்றிப் பதிக்கும் ஆங்கரை, அதாவது சுவருக்குள் பிடித்து நிற்கும் போல்ட்டை, பயன்படுத்தலாம். முடுக்க முடுக்க விரியும் ஆங்கர் கான்கிரீட்டுக்கு உரியது. செங்கல்லில் அது பிடிப்பதற்குப் பதிலாகக் கல்லையே பிளந்துவிடக்கூடும். புதுச்சேரியின் பழைய மெட்ராஸ் தெரசு வீடுகளில், மர உத்தரங்களுக்கு இடையே செங்கல்லும் சுண்ணாம்பும் மட்டுமே இருப்பதால், அந்த இடைவெளியில் எதையும் தொங்கவிடக் கூடாது. மின்விசிறிக் கொக்கியில் உடற்பயிற்சி வளையங்களை மாட்டி ஆடுவதைப் பற்றி என்ன சொல்வது! அந்தக் கொக்கி விசிறிக்காக வைத்தது.

அடுத்த தவறு தரையில் நடக்கிறது. மொட்டை மாடியில் மழைநீர் வடிவதற்காகவே வாட்டம் விட்டிருப்பார்கள் என்பதை மறந்து, அங்கே பெஞ்சையும், பார்பெல் எனும் எடைக்கம்பியைத் தாங்கும் ரேக்கையும் போட்டு, ஆடும் காலுக்கு மடித்த அட்டையைச் செருகிச் சமாளிக்கிறோம். இரண்டு மழையில் அட்டை ஊறி நசுங்கியதும் ரேக் பழையபடி ஆடத் தொடங்கும். தரையோடு போல்ட் போட்டு இறுக்கலாமென்று தட்டோட்டைத் துளைத்தாலோ, வடகிழக்குப் பருவமழையில் கீழ் அறையில் நீர் கசியும். தடித்த பிளைவுட் பலகையை ரசமட்டம் வைத்துச் சமப்படுத்தி, ரேக்கை அதனோடு இறுக்கி, உபரி எடைப் பிளேட்டுகளை ரேக்கின் அடித்தண்டுகளில் அடுக்கிவிட்டால், ஓட்டை போடாமலேயே அது அசையாமல் நிற்கும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: ரேக்கில் இருக்கும் பார்பெல்லின் ஒரு பக்கத்துப் பிளேட்டுகள் அனைத்தையும் முதலில் கழற்றிவிட்டால் மறுபக்கம் சாய்ந்து விழும். இருபுறமும் மாற்றி மாற்றிக் கழற்ற வேண்டும்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றின் தொல்லை தனி. புதுக் கருவியின் நட்டுகள் முதல் இரு வாரங்களில் சற்றுத் தளர்வது வழக்கம் என்பதால் ஒருமுறை ஸ்பேனர் போட்டு இறுக்க வேண்டும். நைலான் வளையம் கொண்ட நட்டு அதிர்வில் எளிதில் கழலாது. துரு ஏறிய போல்ட்டின் மேல் பெயிண்ட் அடித்து மறைப்பது பெருந்தவறு. புதியது வாங்கும்போது, 304 எவர்சில்வரைவிட 316 ரகம் உப்பை நன்றாகத் தாங்கும் என்பதை நினைவில் கொள்ளலாம்.

மாடியில் கருவி வைத்திருப்பவர்கள் அதன்மேல் தார்ப்பாயை இறுகக் கட்டி வைப்பதும் சரியில்லை. உள்ளே ஈரம் தங்கும். காற்று கூடினால் தார்ப்பாயே பாய்மரமாகிக் கருவியைச் சாய்த்துவிடும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும் 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் கரையைக் கடந்தது நம் பக்கம்தான் என்பதால், புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிய உடனேயே டம்பெல்லையும் பிளேட்டுகளையும் பெஞ்சையும் கீழ்த்தளத்துக்கு இறக்கிவிட்டு, இறக்க முடியாத ரேக்கைப் படுக்க வைத்துக் கைப்பிடிச் சுவரை ஒட்டிக் கட்டிவிட வேண்டும்.