காய்ந்த போன்சாய்க்கு உயிர் இருக்கிறதா? பார்ப்பதும் மீட்பதும்

சில நாள் தண்ணீர் காட்டாமல் விட்ட போன்சாய் இலையெல்லாம் மொறுமொறுத்து நிற்கிறதா? பூவாளியைத் தூக்குமுன் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள்.

1. சுரண்டிப் பாருங்கள்

நுனிச் சுள்ளியில் தொடங்கி அடிமரம் நோக்கி வாருங்கள். நகத்தால் மேல்பட்டையை 2 மில்லிமீட்டர் நீளத்துக்கு லேசாகக் கீறினால் போதும். அடியில் பச்சையாக ஈரம் தெரிந்தால் அந்த இடம் பிழைத்திருக்கிறது. பழுப்பாக உலர்ந்திருந்தால் இன்னும் கீழே இறங்கிக் கீறுங்கள். நுனி போனால் மரமே போய்விட்டதாக அர்த்தமில்லை. வேரடி வரை பழுப்பு என்றால்தான் கவலை.

இலையையும் தொட்டுப் பாருங்கள். லேசாகத் தட்டியதும் உதிர்ந்தால் நல்ல அறிகுறி. இலையைக் கழற்றிவிடுவது மரம் செய்யும் வேலை, கிளையில் உயிர் இருந்தால்தான் அது நடக்கும். சருகாகியும் காம்போடு இறுக ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கிளை பெரும்பாலும் போய்விட்டது. ஊசியிலை மரமான ஜூனிபர் மட்டும் ஏமாற்றும். செத்த பிறகும் சில வாரங்கள் பச்சையாகவே நிற்கும். அதன் நிறத்தை நம்பாமல் கீறிப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

2. முக்கி எடுங்கள்

பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். மேலிருந்து ஊற்றிய நீர் அடித்துளை வழியே ஓடி வந்துவிடும், நாமும் நனைந்துவிட்டது என்று நினைப்போம். உண்மையில் காய்ந்த மண்கட்டி சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகியிருக்கும், நீர் அந்த இடுக்கில் இறங்கி ஓடிவிடும். பீட் மாஸ் (சதுப்பு நிலப் பாசி மட்கு) கலந்த மண்ணானால் இன்னும் மோசம், முழுக்க உலர்ந்த பின் அது நீரையே ஏற்காது. மூன்று முறை ஊற்றினாலும் வேர்க்கட்டியின் நடுப்பகுதி தூசியாகவே இருக்கும்.

ஆகவே அகன்ற பாத்திரத்தில் அறை வெப்பநிலையில் உள்ள நீரை எடுத்து, தொட்டியை மெல்ல இறக்குங்கள். திடீரென்று அமுக்கினால் காய்ந்த மண் மிதந்து வெளியே கொட்டும். நீர்மட்டம் தொட்டியின் விளிம்பைத் தாண்டி மண்ணுக்கு மேல் ஒரு விரல் அளவு நிற்கட்டும். குமிழிகள் வரிசையாகக் கிளம்பும். அவை நின்றதும், அதாவது சுமார் 15 முதல் 20 நிமிடத்தில், வெளியே எடுங்கள். மூங்கில் குச்சியை நடுவில் சொருகி 10 நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். நுனி உலர்ந்திருந்தால் இன்னொரு முறை முக்குங்கள்.

போன்சாய்த் தொட்டி ஆழமில்லாதது, அடியில் நீர் தங்கிவிடும். ஒரு பக்கத்தில் மரத்துண்டு கொடுத்துச் சாய்த்து வைத்தால் ஓரத்துத் துளை வழியே இன்னும் கொஞ்சம் வடியும்.

(ஜேட் செடிக்கு இப்படிச் செய்ய வேண்டாம். அது இலையில் நீர் சேமிப்பது. ஒருமுறை நன்றாக நனைத்து, வடித்து, மண் முழுக்கக் காயும் வரை விட்டுவிடுங்கள்.)

3. அதற்குப் பிறகு தொடாதீர்கள்

வறட்சியில் முதலில் சாவது மயிரிழை போன்ற நுனிவேர்கள். நீர் குடிக்கும் வேலையைச் செய்பவை அவைதான். அவை குறைந்த நிலையில், இலையும் உதிர்ந்துவிட்டால், மரம் முன்பு குடித்ததில் பாதிகூடக் குடிக்காது. அப்போது தினமும் ஊற்றினால் மிச்ச வேர்கள் அழுகும். ‘பாவம், தாகமாக இருக்கும்’ என்ற இரக்கமே மரத்தைக் கொல்கிறது. மேல்மண் 1 சென்டிமீட்டர் காய்ந்த பிறகே ஊற்றுங்கள், ஊற்றும்போது முழுதாக நனையுங்கள். ஈரமானிகளை நான் நம்பமாட்டேன். பருமனான மணிமண்ணில் (சிறு கல்மணிகளாலான போன்சாய் மண்) அவை தவறான கணக்கே காட்டும். மூங்கில் குச்சியும் தொட்டியைத் தூக்கிப் பார்க்கும் கை எடையும் போதும்.

உரம் வேண்டாம். உரத்தின் உப்பு வேரிலிருந்து நீரை இழுக்கும். தொட்டி மாற்றம், கம்பி கட்டுதல், வடிவக் கத்தரிப்பு எதுவும் இப்போது வேண்டாம். வெளிச்சமான நிழலில் வையுங்கள், காற்று வேகமாக அடிக்கும் இடம் கூடாது.

ஃபைகஸ் (ஆல், அத்தி இனம்) போன்றவற்றுக்கு, ஈரம் தங்க, மேலே ஒளிபுகும் பிளாஸ்டிக் பையைத் தளர்வாகக் கவிழ்க்கலாம். தினமும் சிறிது நேரம் திறந்துவிடுங்கள். வெயிலில் வைத்தால் உள்ளே வெந்துவிடும். மண்ணில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் பையை எடுத்துவிடுங்கள்.

4. துளிர் வந்த பிறகு

வளரும் பருவத்தில் ஃபைகஸ், சைனீஸ் எல்ம் ஆகியவை 2 முதல் 6 வாரத்தில் துளிர்க்கும். அதுவரை காய்ந்த சுள்ளிகளை வெட்டாதீர்கள். எது செத்தது என்று அப்போதுதான் தெளியும். பிறகு உயிருள்ள அரும்புக்குச் சற்று மேலே கூரிய கத்தரியால் வெட்டுங்கள். புதிய இலைகள் முதிர்ந்த பின் பாதி அடர்த்தியில் உரம் தொடங்கலாம்.

பிற்சேர்க்கை: துளிர் வந்து பத்தே நாளில் வாடுகிறதா? முதல் துளிரைத் தண்டில் சேமித்த உணவே வளர்க்கும், வேர் வேலை செய்கிறது என்பதற்கு அது சான்று அல்ல. மண் ஈரமாக இருந்தும் துளிர் தொங்கினால் ஓரமாகக் கொஞ்சம் மண்ணைக் கிளறி வேரைப் பாருங்கள். கறுத்து, இழுத்தால் தோல் உரிந்து, கெட்ட வாடை வந்தால் அழுகல்தான். அப்போது மட்டும், மேலே சொன்ன தடையை மீறி, அழுகியதை வெட்டிவிட்டு பியூமிஸ் (எரிமலை நுரைக்கல்) போன்ற பருமனான மணிமண்ணுக்கு மாற்றுங்கள்.