குச்சி நட்டு விதைக்கிழங்கு எடுப்பது எப்படி?

பெரிய உருளைக்கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டிக்கு, நடுத்தரம் வீட்டுக்கு, கோலிக்குண்டு அளவு சின்னது அடுத்த போகத்துக்கு விதை. நீலகிரியின் கேத்தியில் எங்கள் தோட்டத்தில் அப்பா காலத்திலிருந்து இதுதான் வழக்கம். மகசூல் வருடா வருடம் இறங்கியது. மண்ணைக் குறை சொன்னோம், மழையைக் குறை சொன்னோம். கோளாறு விதையில் இருந்தது. வைரஸ் பிடித்த செடியில் பெரும்பாலும் சின்னக் கிழங்குதான் காய்க்கும். அதையே விதைக்கு ஒதுக்கி, நோயைப் பத்திரமாகச் சேர்த்து வைத்திருக்கிறோம்!

கென்யாவின் சிறு விவசாயிகளும் இப்படித்தான் செய்துவந்தார்கள். பெருவின் லிமாவில் 1971-இல் தொடங்கிய சர்வதேச உருளைக்கிழங்கு மையம், கென்யாவின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து, நல்ல செடிக்குப் பக்கத்தில் குச்சி நட்டு, அதிலிருந்து மட்டும் விதை எடுக்கும் முறையைக் குழு குழுவாக வயலிலேயே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. பழைய விதையையும் புது முறை விதையையும் பக்கத்தில் பக்கத்தில் நட்டுப் பார்த்ததில், சராசரியாக மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விளைந்தது. செலவு சில குச்சிகள்தான்.

செடி பூக்கத் தொடங்கும் சமயம், கிளைகள் ஒன்றோடொன்று பின்னுவதற்கு முன் வயலில் இறங்குங்கள். உங்கள் நிழல் செடிமேல் விழும்படி நில்லுங்கள், வெயிலில் தேமல் கண்ணுக்குத் தப்பிவிடும். இலையில் வெளிர்பச்சைத் திட்டு இருக்கிறதா? அடி இலை மேல்நோக்கிச் சுருண்டு, தொட்டால் காகிதம் போலச் சரசரக்கிறதா? அந்தச் செடி வேண்டாம். கரும்பச்சையாக, தடித்த தண்டோடு நிற்கும் செடிக்கு மட்டும் பக்கத்தில் ஒரு குச்சி நடுங்கள். சந்தேகம் வந்தால் நடாதீர்கள். தேவைக்கு மேலேயே நட்டு வையுங்கள், பிறகு குறையும்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். நோய் தெரிந்த செடியின் குச்சியைப் பிடுங்கிவிடுங்கள்.

ஒரு செடி திடீரென வாடினால் அடித்தண்டை வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நுனி மட்டும் முங்கும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் போல நூல் இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அந்த வயலில் விதையே எடுக்கக் கூடாது, குச்சி நட்ட செடியானாலும் சரி.

அறுவடையில் குச்சிச் செடிகளை முதலில், ஒவ்வொன்றாகத் தோண்டுங்கள். கிழங்கு குறைவாகவோ கோணலாகவோ இருந்தால் அந்தச் செடியை விதையில் சேர்க்காதீர்கள். நல்ல செடியின் சின்னக் கிழங்கு நல்ல விதைதான், தயங்க வேண்டாம். வெயில் படாத, ஆனால் வெளிச்சம் வரும் இடத்தில் மெல்லிதாகப் பரப்பி வையுங்கள். முளை குட்டையாக, தடித்து வரும். இருட்டில் வைத்தால் வெள்ளையாக நீண்டு ஒடியும்.

நீலகிரிக்காரர்களுக்கு ஒன்று. 1961-இல் இங்கே கண்டுபிடித்த, வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு குச்சிக்கு அடங்காது, அது மண்ணில் இருக்கிறது. அதற்குப் பயிர்ச் சுழற்சியும், ஊட்டி அருகே முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் தந்த குஃப்ரி ஸ்வர்ணா போன்ற எதிர்ப்புத்திறன் ரகமும் வேண்டும். இங்கே எடுத்த விதையை மாவட்டத்துக்கு வெளியே அனுப்பவும் கூடாது, புழுவும் கூடவே போய்விடும்.

அப்புறம், முதல் போகத்தில் இரண்டு பார் (வரிசை) குச்சி விதை, இரண்டு பார் பழைய விதை நட்டு, தனித்தனியாக எடை போடுங்கள். நான் எத்தனை சொல்லியும் கேட்காத என் தம்பி, தராசைப் பார்த்த மறுநாளே குச்சி வெட்டப் போனான்.