கேரவன் டயரை மாற்றிப் போடுவது எப்படி: ஒரு ஜாக்கி, ஒரு ஸ்டெப்னி, ஒரு காலைப்பொழுது

2022இல் நான் வாங்கிய பழைய வேனில் டயர்கள் நல்ல பட்டனோடு, அதாவது தரையைத் தொடும் ரப்பர்க் கட்டைகள் தேயாமல், புதுசு மாதிரி இருந்தன. அதைப் பார்த்துவிட்டுத்தான் விலையில் பெரிதாகப் பேரம் பேசவில்லை. உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்திக் கேரவனாக்கி, முதல் தடவையாகப் பெங்களூர் போய்த் திரும்பினோம். ஓமலூர் தாண்டியதும் பின்பக்க டயர் ஒன்றின் மேல்தோல் வாழைப்பட்டை மாதிரி உரிந்தது. அது சுழன்று அடித்த அடியில் வண்டிக்குக் கீழே இருந்த தண்ணீர்க் குழாயும் போச்சு. பஞ்சர் போட வந்தவர் டயரின் பக்கவாட்டை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்துவிட்டு, "சார், இது 2013 டயருங்க. பட்டனை மட்டும் பாத்து வாங்கிட்டீங்களா?" என்றார்.

லாரி டயர் ஓடித் தேயும். வருஷத்தில் பாதி நாள் வாசலில் நிற்கிற கேரவனுக்கு, பட்டன் தேய்வதற்கு முன்பே ரப்பருக்கு வயதாகிவிடும். டயர்கள் ஒரே சீராகத் தேயட்டும் என்று அவற்றை ஒன்றுக்கொன்று இடம் மாற்றிப் போடுவதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். ஆனால் ஜாக்கியைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியது, டயரைப் படிப்பது.

டயரைப் படியுங்கள்

பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு ஒரு வரி இருக்கும். அதன் கடைசி நான்கு எண்கள்தான் பிறந்த தேதி. 1413 என்றால் 2013ஆம் ஆண்டின் 14ஆவது வாரம். சில டயர்களில் இந்த எண் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். வெளியே காணவில்லை என்றால் வண்டிக்கு அடியில் போனை நீட்டிப் படம் எடுத்துப் பாருங்கள். ஐந்து வயது தாண்டினால் வருஷா வருஷம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஆறேழு வயதானால், பட்டன் எவ்வளவு இருந்தாலும் நான் மாற்றிவிடுவேன். ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான்.

அளவுக்குப் பக்கத்தில் 109 மாதிரி ஓர் எண் இருக்கும். அது டயர் தாங்கும் எடையின் குறியீடு. 100 என்றால் 800 கிலோ, 109 என்றால் 1,030 கிலோ, ஒரு டயருக்கு.

எடை போடுங்கள்

இதைப் பலரும் செய்வதில்லை. நானும் முதலில் செய்யவில்லை. எங்கள் சேலத்தில் எடை மேடைக்குப் பஞ்சமா? ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளிக்கிழங்கு லோடு போகிற பாதையில் எத்தனையோ இருக்கின்றன. தண்ணீர், கேஸ், துணிமணி, ஆட்கள் என்று கிளம்புகிற கோலத்திலேயே வண்டியை ஏற்றுங்கள். முதலில் முன்சக்கரம் மட்டும் மேடையில், அப்புறம் முழு வண்டி, கடைசியில் பின்சக்கரம் மட்டும். மூன்று சீட்டு வாங்குங்கள்.

என் வண்டியில் பின் ஆக்சில் மட்டும், அதாவது இரண்டு பின்சக்கரங்களின் மேலும் சேர்த்து, 2,110 கிலோ வந்தது. பின்னால் இருந்த இரண்டு டயரும் 109 குறியீடு. சேர்த்து 2,060 கிலோதான் தாங்கும். ஐம்பது கிலோ அதிகம்! காரணம், கட்டிலுக்கு அடியில் இருந்த 120 லிட்டர் தொட்டி. ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. இப்போது 40 லிட்டரோடு கிளம்புகிறேன், மீதியைப் போகிற இடத்தில் நிரப்பிக்கொள்கிறேன். புது டயர் வாங்கும்போது கூடுதல் எடை தாங்கும் குறியீடாகப் பார்த்து வாங்கினேன்.

காற்று

காலையில், வண்டி ஓடாத போது, வெயில் படுவதற்கு முன் பார்க்க வேண்டும். டயரின் மேல் பொறித்திருக்கும் அதிகபட்சக் காற்றளவு உங்களுக்கான அளவு அல்ல. கதவோரம் ஒட்டியிருக்கும் அளவில் தொடங்குங்கள். வேனைக் கேரவனாக மாற்றியிருந்தால் எடை சீட்டோடு டயர் கம்பெனியின் அட்டவணையைப் பாருங்கள். என் வண்டிக்கு முன்னால் 50, பின்னால் 65 பி.எஸ்.ஐ. காற்றளவு பார்க்கும் கேஜ் ஒன்றைச் சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பங்க்கில் காற்றடிக்கும் மிஷின் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கணக்குச் சொல்லும்.

ஏற்காடு போகிறவர்களுக்கு ஒரு விஷயம். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடித்து, ஏரிக்கரையில் நிறுத்திக் காற்றைப் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும். உடனே இறக்கிவிடத் தோன்றும். இறக்காதீர்கள், அது டயர் சூடேறியதால் வந்தது. சரி, மேலே போனால் வெளிக்காற்றின் அழுத்தம் குறையுமே என்று கேட்கலாம். குறையும்தான். சேலம் சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அந்த உயர வித்தியாசத்தால் கேஜ் இரண்டு பி.எஸ்.ஐ. அளவுக்கு ஏற்றிக் காட்டும். ஆனால் மேலே எட்டு டிகிரி வாக்கில் குளிர் அதிகம். அது கிட்டத்தட்ட அதே இரண்டைக் குறைத்துவிடும். டயர் ஆறிய பிறகு கீழே வைத்த அளவே ஏறக்குறைய அங்கேயும் நிற்கும். இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வாருங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு டிஸ்க் வழியாக டயருக்கும் போகும்.

தடவிப் பாருங்கள்

கையால் டயரைக் குறுக்கே தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் ரம்பப் பல் மாதிரி இடறினால் அலைன்மெண்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், சரியில்லை. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தாலும் பெரும்பாலும் அதுதான். நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம், இரு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. பட்டன் இடுக்கில் இருக்கும் சின்ன மேட்டை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள்: பட்டன் அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம், டயர் முடிந்தது. அலைன்மெண்ட் கோளாறு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் மாற்றிப் போட்டு அடுத்த டயரையும் கெடுப்பீர்கள்.

இனி இடம் மாற்றலாம்

8,000லிருந்து 10,000 கி.மீ.க்கு ஒரு தடவை, அவ்வளவு ஓடாவிட்டால் வருஷத்துக்கு ஒரு தடவை. சமதளமான, கெட்டியான தரை வேண்டும். எங்கள் கன்னங்குறிச்சி வீட்டு வாசல் சரிவு, அதனால் நான் பக்கத்து மைதானத்துக்குப் போகிறேன். கேஸ் சிலிண்டரை மூடுங்கள், ஆட்களை இறக்குங்கள், ஹேண்ட்பிரேக் போட்டுக் கியரில் நிறுத்தி, தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கிக்கு அடியில் ஒரு தடிமனான பலகை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் நுழையவே கூடாது.

பின்சக்கரம் இழுக்கிற, நான்கு சக்கரமும் ஸ்டெப்னியும் ஒரே அளவான வண்டிக்கு நான் செய்கிற வரிசை இது. ஒரே ஜாக்கி போதும். எப்போதும் ஒரு சக்கரம்தான் தூக்கியிருக்கும்.

1. இடது பின்சக்கரத்தைக் கழற்றி, அங்கே ஸ்டெப்னியை மாட்டுங்கள்.
2. கழற்றியதை இடது முன்பக்கம் மாட்டுங்கள்.
3. அங்கிருந்து வந்ததை வலது பின்பக்கம் மாட்டுங்கள்.
4. அங்கிருந்து வந்ததை வலது முன்பக்கம் மாட்டுங்கள்.
5. வலது முன்பக்கம் இருந்தது இனி ஸ்டெப்னி.

வண்டியைத் தூக்குவதற்கு முன்பே, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டை இளக்கிக்கொள்ள வேண்டும். மாட்டும்போது கையால் முறுக்கி, இறக்கிய பிறகு எதிரெதிராக முடுக்குங்கள். வரிசையாகச் சுற்றிக்கொண்டு போகாதீர்கள். எவ்வளவு இறுக்கம் என்று வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும். இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் கடையில் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள். ஸ்பேனர் மேல் ஏறிக் குதிக்கிற பழக்கம் வேண்டாம், போல்ட் அறுந்துபோகும்.

டயரில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால் பக்கம் மாற்றக் கூடாது, அதே பக்கத்தில் முன்பின் மட்டும். முன்னும் பின்னும் வேறு அளவு என்றால் இந்த வரிசையை மறந்துவிடுங்கள். பின்னால் இரட்டைச் சக்கரம் என்றால் கடையில் விடுவதே நல்லது. ஜோடி டயர்களின் உயரம் ஒத்துப்போக வேண்டும், நடுவில் கல் சிக்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இடம் மாறிய பிறகு காற்றையும் மாற்ற மறந்துவிடுவார்கள். முன்னால் வந்த டயரில் இன்னும் 65 இருக்கும், பின்னால் போனதில் 50.

மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டயருக்கு அடியில் பலகை போடுங்கள், வெள்ளைத் துணியால் வெயில் மறையுங்கள், மாதம் ஒரு முறை கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். பளபளப்புக்காக எண்ணெய்ப் பாலிஷ் மட்டும் பூசாதீர்கள்.

மாற்றிப் போட்ட பின் 50லிருந்து 100 கி.மீ.க்குள் நட்டுகளை மறுபடியும் முடுக்கிப் பார்க்க வேண்டும். இதற்குச் சேலத்துக்காரர்களுக்குத் தோதான தூரம் ஏற்காடு; போய்த் திரும்பினாலே 60 கி.மீ. ஆகிவிடும். வீட்டுக்கு வந்து, டீ குடித்து, சக்கரம் ஆறியதும் ஸ்பேனரை எடுங்கள். போன தடவை என் வலது முன்சக்கரத்தில் இரண்டு நட்டு கால் சுற்று உள்ளே போனது.