எகிப்திய வெண்கல வாளியில் பச்சைப் பொடி: களிம்பா, நோயா?

சிட்டுலா என்பது பழைய எகிப்தியக் கோயில்களில் பாலும் நீரும் வார்த்த சிறிய வெண்கல வாளி. அருங்காட்சியகங்களில் இருப்பவற்றில் பெரும்பாலானவை கி.மு. 664-க்குப் பிந்தியவை, மெழுகு வார்ப்பில் செய்தவை. பல ஒரு சாண் உயரம்கூட இருக்காது. எகிப்தின் சக்காரா என்ற இடத்தில் புனித விலங்குகளைப் புதைத்த பகுதியில் நிறையக் கிடைத்தன.

1. எடுப்பது
நைட்ரைல் கையுறை போட்டு, இரு கைகளாலும் அடியில் தாங்கி எடுங்கள். கைப்பிடியைப் பிடித்துத் தூக்கவே கூடாது. அது மாட்டியிருக்கும் காதுகள் உள்ளே அரித்துப் போயிருக்கலாம். அடி குமிழ்போல் முடிவதால் தானாக நிற்காது. ஃபோம் வளையத்தில் உட்கார வையுங்கள்.

2. பார்ப்பது
விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து, 10 மடங்கு லென்ஸால் மேலிருந்து கீழாகப் பாருங்கள். பொதுவாக மேல் வரிசையில் சூரியப் படகு, நடுவில் ‘மின்’ என்ற எகிப்திய வளமைக் கடவுளின் முன் வணங்கி நிற்பவர், அடியில் தாமரை இதழ்கள். கோடுகளின் பள்ளம், காதுகளின் அடி, வாளியின் உட்புறம் ஆகிய மூன்று இடங்களில் நிதானமாக நில்லுங்கள்; உலோகத்தை அரிக்கும் ‘வெண்கல நோய்’ பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

நல்ல களிம்பு கரும்பச்சையாகவோ செம்பழுப்பாகவோ வழவழப்பாக ஒட்டியிருக்கும். நோய் வெளிர்பச்சை மாவு. மரக்குச்சியின் நுனி பட்டாலே உதிரும், கீழே குழி தெரியும்.

3. ஏன் வருகிறது
உப்பு மண்ணில் கிடந்த காலத்தில் குளோரைடு உலோகத்துக்குள் இறங்கிச் செம்போடு சேர்ந்துவிடுகிறது. காற்றில் ஈரம் ஏறினால் அதிலிருந்து அமிலம் பிறக்கிறது. அமிலம் புது உலோகத்தைத் தின்று மறுபடி குளோரைடு ஆகிறது. ஈரம் இருக்கும்வரை இந்தச் சுற்று ஓயாது.

4. நிறுத்துவது
காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் தனியாக வையுங்கள். 10 லிட்டர் பெட்டிக்கு 200 கிராம் உலர்ந்த சிலிக்கா ஜெல் போடுங்கள். உள்ளே சிறு ஈரப்பதமானி வைத்து, அளவு 35 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். ஏறினால் ஜெல்லை மாற்றுங்கள். சந்தேகமான இடத்தை ஒரே கோணத்தில் படம் எடுத்து ஒப்பிடுங்கள்.

புளி, எலுமிச்சை, பித்தளை பாலிஷ் எதுவும் வேண்டாம். களிம்போடு கோடுகளும் போய்விடும். மின் கடவுளின் முகம் அந்த மெல்லிய படலத்தில்தான் இருக்கிறது. குழாய்த் தண்ணீரில் கழுவுவதும் தவறு, அதில் குளோரைடு உண்டு. எத்தனாலில் 3 சதவீத பென்சோட்ரையசோல் (அரிப்பைத் தடுக்கும் ரசாயனம்) கரைசலில் ஊறவைக்கும் சிகிச்சை இருக்கிறது. ஆனால் அது நச்சுப்பொருள். பயிற்சி பெற்ற பாதுகாப்பாளரிடம் விட்டுவிடுங்கள். அவர் வரும்வரை, ஜெல் மாற்றத் தவிர, பெட்டியைத் திறக்காதீர்கள்.