பனிமூட்டத்தில் குருவி, பூ, வானம்: படம் கறுக்காமல் எடுப்பது எப்படி?

இலங்கை மலைநாட்டில் குருவிப் படம் எடுக்கத் தொடங்கிய யாருடைய போனைத் திறந்தாலும் ஒரே மாதிரிப் படம்தான் இருக்கும். கரண்ட் கம்பியில் ஒரு குருவி, பின்னால் வெள்ளை வானம். அது என்ன குருவி என்றே தெரியாது. கரித்துண்டு மாதிரிக் கறுத்துப் போய் உட்கார்ந்திருக்கும். கமரா மலிவானது என்பதால் இப்படி ஆவதில்லை. விலை கூடிய கமராவும் நம் பனிமூட்டத்தில் இதையேதான் செய்யும். ஒரே ஒரு பட்டனைப் புரிந்துகொண்டால் குருவிக்கும் பூவுக்கும் வானத்துக்கும் சேர்த்து முக்கால்வாசிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

நான் இருப்பது தலவாக்கலைப் பக்கம், ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொங்கல் லயனில் (வரிசை வீட்டில்). கீழே சொல்வதெல்லாம் இஸ்தோப்பு (வீட்டு முன் திண்ணை), வீட்டுத் தோட்டம், பீலி (தண்ணீர் வந்து விழும் இடம்), பக்கத்து மலை, இவ்வளவுக்குள்ளே செய்யக்கூடியவை. ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகத் தேவையில்லை.

சாமான்

பூவுக்கும் வானத்துக்கும் கையில் இருக்கும் போனே காணும். குருவிக்குக் காணாது. போன் திரையில் விரலை வைத்து இழுத்துப் பெரிதாக்கினால், ஓரளவுக்கு மேல் அது இருக்கிற படத்தை வெட்டிப் பெருப்பிப்பதுதான். பாவித்த டிஎஸ்எல்ஆர் (லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய கமரா) ஒன்றும், தூரத்தைக் கிட்டக் காட்டும் 55-250 அல்லது 70-300 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றும் கிடைத்தால் தாராளம். வாங்குமுன் லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். நூல் நூலாக ஏதாவது படர்ந்திருந்தால் அது பூஞ்சணம். எவ்வளவு விலை குறைத்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

60 மடங்கு, 80 மடங்கு சூம் என்று லென்ஸோடு ஒட்டியே வரும் கமராக்களைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். வெயில் ஊருக்கு அவை நல்லவை. அவற்றின் சென்சர் சின்னது. பனிமூட்டத்தில் படம் புள்ளி புள்ளியாகிவிடும். எனக்குப் பிடிக்காது.

ட்ரைபொட் இப்போதைக்கு வேண்டாம். பழைய ஜீன்ஸ் காலில் ஒரு முழம் வெட்டி, ஒரு பக்கம் தைத்து, பயறு போட்டு மறுபக்கமும் தைத்துவிடுங்கள். இஸ்தோப்புக் கட்டைச் சுவரில் அதை வைத்து லென்ஸை மேலே அமுக்கினால் அசையாது. எலிக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

குருவியைத் துரத்த வேண்டாம்

தேயிலைக்குள் கமராவோடு நடந்தால் குருவியின் முதுகுதான் கிடைக்கும். அது வரும் இடத்தில் போய் உட்காருவதுதான் வழி. எங்கள் பக்கம் அப்படி மூன்று இடம் இருக்கிறது.

முதலாவது பீலி. தண்ணீர் வழியும் கல்லில், வடக்கிலிருந்து வந்து ஏப்ரல் வாக்கில் திரும்பிப் போகும் மஞ்சள் வயிற்று வாலாட்டிக் குருவி நடந்து திரியும். இரண்டாவது பூத்த முள்முருங்கை. சிவப்புப் பூவுக்குத் தேன்சிட்டு, மைனா, கொண்டைக்குருவி எல்லாம் வரும். இலங்கையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத வெள்ளைக்கண்ணியும் மஞ்சள்காதுக் கொண்டைக்குருவியும் நம் வீட்டு வேலியிலேயே கிடைக்கும். அவற்றைப் பார்க்கவென்றே வெளிநாட்டிலிருந்து ஆட்கள் நுவரெலியாவுக்கு வந்து போகிறார்கள். மூன்றாவது கவ்வாத்து வெட்டிய, அதாவது தேயிலைச் செடியைக் கத்தரித்துவிட்ட மலை. இலையே இல்லாமல் மொட்டைக் கிளையாக நிற்கும் செடியின் நுனியில், உடம்பெல்லாம் கறுத்து இறக்கையில் வெள்ளைப் பட்டையோடு ஒரு சின்னக் குருவி ஏறி உட்காரும். புத்தகத்தில் புதர்ச்சிட்டு என்று போட்டிருக்கும். கீழே பாய்ந்து பூச்சியைப் பிடித்துவிட்டுப் பெரும்பாலும் பழைய கிளைக்கே திரும்பி வரும். கிளையில் ஃபோகஸ் வைத்துக் காத்திருந்தால் போதும். பழகுவதற்கு இதைவிட நல்ல குருவி இல்லை.

இரண்டு விஷயம் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பீலியில் ஆட்கள் குளிக்கும் நேரத்தில் நீளமான லென்ஸோடு அந்தப் பக்கமே போகாதீர்கள். குருவிக்குத்தான் வந்தேன் என்று சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் தேவையில்லை. மற்றது, எந்த மரத்தடியில் நிற்பதற்கு முன்னும் மேலே பாருங்கள். குளவிக் கூடு இருக்கும். கொழுந்து எடுப்பவர்களுக்குக் குளவி கொட்டின செய்தி நமக்குப் புதிதில்லை. கமராவில் கண்ணை வைத்துக்கொண்டு மரத்தடியில் நிற்பவருக்கு ஆபத்து இன்னும் கூட.

கூட்டல், கழித்தல்

இனித்தான் முக்கியமான இடம். மெதுவாகப் படியுங்கள்.

முன்னால் இருப்பது வெள்ளைச் சுவரா, அடிப்பிடித்த சட்டியா என்று கமராவுக்குத் தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரமான சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். படத்தில் பெரும்பகுதி வெள்ளை வானம் என்றால், "வெளிச்சம் கூடிப்போச்சு" என்று தானாகவே குறைத்துவிடும். வானம் சாம்பலாகும். நமக்கு நிழல் பக்கத்தைக் காட்டிக்கொண்டிருக்கும் குருவி கறுத்துப் போகும்.

அதனால் படத்தில் வெள்ளை கூடினால் நாம் கூட்ட வேண்டும், கறுப்பு கூடினால் நாம் குறைக்க வேண்டும். ஏற்கனவே வெளிச்சமாக இருக்கும் இடத்தில் இன்னும் கூட்டுவதா என்று மனசு ஒத்துக்கொள்ளாது. அங்கேதான் நிறையப் பேர் கையை எடுத்துவிடுகிறார்கள். கூட்டுங்கள்.

கூட்டுவதற்குப் பெயர் எக்ஸ்போஷர் கொம்பென்சேஷன். கமராவில் + − என்று போட்ட ஒரு சின்னப் பட்டன் இருக்கும். அதை அமுக்கிக்கொண்டு சக்கரத்தைத் திருப்ப வேண்டும். போனில் குருவியின் மேல் விரலால் தொட்டால் ஒரு சூரியக் குறி வரும். அதை மேலே தள்ளினால் கூட்டல், கீழே இழுத்தால் கழித்தல்.

படித்தால் மட்டும் இது விளங்காது. வெயில் இல்லாத ஒரு நாள், கொடியில் காயும் பிள்ளைகளின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைப் படம் நிறைய வரும்படி எடுங்கள். பூச்சியத்தில் ஒன்று, +1 இல் ஒன்று, +2 இல் ஒன்று. பூச்சியத்தில் சட்டை அழுக்குச் சாம்பலாக இருக்கும். +1 இல் வெளுக்கத் தொடங்கும். +2 இல் வெள்ளைச் சட்டையாகிவிடும், சில கமராக்களில் பட்டன்துளை, தையல் எல்லாம் கரைந்துபோகும். அப்புறம் ஒரு கறுப்புக் குடையை விரித்து வைத்து பூச்சியம், −1, −2. பூச்சியத்தில் குடை வெளிறிப் போய் பழைய குடை போல வரும். −1 தாண்டினால்தான் கடையில் வாங்கின கறுப்பு திரும்பும். இந்த ஆறு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிறகு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் வைக்கும் அளவு: வெள்ளை வானத்துக்கு முன்னால் கம்பியில் இருக்கும் குருவிக்கு +1⅔, சில நேரம் +2. வானம் வெளுத்துப் போகும், போகட்டும். அதில் பார்க்க ஒன்றுமில்லை. பனி மூடிய தேயிலை மலைக்கு +⅔ இலிருந்து +1. பச்சை இலைக்கு நடுவே இருக்கும் குருவிக்குப் பூச்சியமே சரி. கவ்வாத்து மலையில் அந்தக் கறுத்த குருவி தூரத்தில் சின்னதாக இருந்தால் பின்னணியைப் பார்த்து முடிவு செய்யுங்கள், குருவியைப் பார்த்து அல்ல. கமரா அளப்பது முழுப் படத்தையும்தான்.

எடுத்து முடிந்ததும் பூச்சியத்துக்குத் திருப்ப மறக்க வேண்டாம். பல கமராக்களில் அணைத்துப் போட்டாலும் அந்த +2 அப்படியே உட்கார்ந்திருக்கும். அடுத்த நாள் வெயிலில் எடுக்கும் படமெல்லாம் வெளுத்துவிடும்.

வேகம்

வேகம் என்பது ஷட்டர் திறந்து மூடும் நேரம். சும்மா உட்கார்ந்திருக்கும் குருவிக்கு 1/500 விநாடி, பறந்தால் 1/1600 அல்லது அதைவிட வேகமாக. பனியில் இந்த வேகம் வைத்தால் ஐஎஸ்ஓ (கமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 1600, 3200 என்று ஏறும். ஏறட்டும். புள்ளியைப் பிறகு குறைக்கலாம், அசைந்த படத்தை ஒன்றும் செய்ய முடியாது. லென்ஸில் இருக்கும் ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், குருவி தலையைத் திருப்புவதை அல்ல.

கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். குருவிக் கூட்டின் பக்கம் போகாதீர்கள். மறைக்கிறதென்று ஒரு கிளையை ஒதுக்கினால் காகத்துக்கு வழி காட்டினதாகிவிடும். போனில் குருவிச் சத்தம் போட்டுக் கூப்பிடுவதும் வேண்டாம். பெயர் தெரியாவிட்டால் மெர்லின் என்ற இலவச ஆப்பில் படத்தைப் போட்டால் சொல்லும்.

பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள், "தம்பி, இவ்வளவு நேரம் உக்காந்து எடுக்கிறியே, அந்தக் குருவி சம்பளம் தருதா?" என்று கேட்டார். இப்போது அவரே தன் வீட்டுக் கூரையில் எது வந்தாலும் சத்தம் போட்டுக் கூப்பிடுகிறார். கூப்பிடும் சத்தத்தில் குருவி போய்விடுகிறது, அது வேறு கதை.

பூ

மழை விட்ட காலை, காற்று எழும்புவதற்கு முன். உச்சி வெயிலில் பூ எடுக்காதீர்கள். பனிமூட்டம் குருவிக்கு எதிரி என்றாலும் பூவுக்கு அதைவிட நல்ல வெளிச்சம் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

கூட்டல் கழித்தல் இங்கேயும் வரும், ஆனால் பெரும்பாலும் கழித்தல். கொழுந்து எடுக்காமல் விட்ட தேயிலைச் செடியில் பூ பார்த்திருப்பீர்கள்: வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தக் கொத்து, தலை கீழே தொங்கும். சுற்றிலும் கரும்பச்சை இலை என்பதால் கமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும். இதழின் மெல்லிய நரம்பெல்லாம் காணாமல் போகும். −⅔ வையுங்கள். முகம் தெரிய வேண்டுமென்றால் போனைத் தலைகீழாகப் பிடித்து, லென்ஸ் தரைப் பக்கம் வரும்படி கீழே இருந்து எடுங்கள். பூவைக் கையால் நிமிர்த்த வேண்டாம், உதிர்ந்துவிடும்.

சிவப்பு டேலியா இன்னும் கஷ்டம். பார்க்க எல்லாம் சரியாக இருக்கும், பெரிதாக்கினால் இதழெல்லாம் ஒரே சிவப்புப் பசையாகக் கிடக்கும். சிவப்பு மட்டும் தனியாக நிரம்பி வழிந்துவிடுவதுதான் காரணம். அதற்கு −1.

நிழல் பக்கத்தை வெளிச்சமாக்க ஒரு ரெஜிபோம் (வெள்ளை நுரை அட்டை) துண்டைப் பூவுக்குக் கீழே பிடித்தால் போதும். போன் ஃபோகஸ் ஆக மறுத்தால் நீங்கள் அளவுக்கு மீறிக் கிட்டப் போய்விட்டீர்கள். ஒரு சாண் பின்னால் வந்து 2 மடங்கில் எடுங்கள்.

வானம்

அந்தி வானத்துக்கு −⅔ அல்லது −1. நிறம் தானாக ஏறும். பிறகு ஆப்பில் போட்டு ஏற்ற வேண்டாம். ஸ்னாப்சீட் நல்ல ஆப்தான், அதிலுள்ள எச்டிஆர் ஸ்கேப் என்ற பகுதியை மட்டும் தொடாதீர்கள். வானம் கல்யாணப் பந்தல் நிறத்துக்கு வந்துவிடும்.

நிலாவுக்குப் போயா தினம், அதாவது முழு நிலா நாள் வரை எல்லாரும் காத்திருப்பார்கள். நான் அதற்கு முதல் நாளே எடுத்துவிடுவேன். முழு நிலா உதிப்பது ஏறத்தாழ சூரியன் மறையும் நேரத்தில். நம் பக்கம் மலையைத் தாண்டி அது மேலே வருவதற்குள் இருட்டிவிடும். முதல் நாள் நிலா முக்கால் மணி நேரம்போல முன்னதாகவே உதிக்கும். மலைமுகட்டில் தலை காட்டும்போது தேயிலையில் வெளிச்சம் மிச்சமிருக்கும். நிலாவும் மலையும் ஒரே படத்தில் வரும். நிலா நன்றாக மேலே ஏறியபின் எஃப் 8 (எஃப் என்பது லென்ஸ் துவாரத்தின் அளவு), ஐஎஸ்ஓ 200, 1/400 விநாடி. அது வெயில் பட்ட கல், இருட்டில் இருக்கும் விளக்கல்ல என்பதை நினைவில் வைத்தால் இந்த வேகம் புரியும்.

நட்சத்திரத்துக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரை, போயா அல்லாத இருட்டு இரவாகப் பாருங்கள். ஹட்டன் பக்கம் அந்த மாதங்களில்தான் வானம் திறக்கும். 18 மில்லிமீட்டர், எஃப் 3.5, ஐஎஸ்ஓ 3200, 15 விநாடி. அதைவிடக் கூட்டினால் பூமி சுற்றுவதால் நட்சத்திரம் கோடாக இழுபடும். ஃபோகஸை எம்எஃப் இல் (கையால் ஃபோகஸ் செய்யும் முறையில்) போட்டு, திரையில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, அது மிகச் சின்னப் புள்ளியாகும் வரை வளையத்தைத் திருப்புங்கள். பட்டனைத் தொட்டால் கமரா ஆடும், 2 விநாடி டைமர் போடுங்கள். யாத்திரை சீசன் நேரத்தில் மஸ்கெலியாப் பக்கம் இருப்பவர்களுக்குச் சிவனொளிபாத மலையின் படி விளக்குகளும் சேர்ந்து வரும். கொடுத்து வைத்தவர்கள்.

பிறகு சேர்த்தது

"பிளஸ் போட்டேன், ஒன்றுமே மாறவில்லை" என்று இதைப் படித்துவிட்டு ஒருவர் கேட்டிருந்தார். கமராவின் மேல் வட்டத்தைப் பாருங்கள். முழு ஓட்டோவில் இருந்தால் பல கமராக்களில் அந்தப் பட்டன் வேலை செய்யாது. எம் இல் (எல்லாவற்றையும் நாமே வைக்கும் முறையில்) இருந்து ஐஎஸ்ஓவையும் நீங்களே குறித்து வைத்திருந்தால் அங்கேயும் படத்தில் ஒன்றும் மாறாது, ஏனென்றால் கமரா தானாக மாற்ற ஒன்றுமே மிச்சமில்லை. ஏவி (Av, துவாரத்தை மட்டும் நாம் வைப்பது) அல்லது டிவியில் (Tv, வேகத்தை மட்டும் நாம் வைப்பது) வையுங்கள். குருவிக்கு நான் வைப்பது டிவி.

இன்னொருவருக்குக் குளிரில் எடுத்துவிட்டு வீட்டுக்குள் வந்ததும் லென்ஸ் வேர்த்துவிடுகிறதாம். அடுப்பு எரியும், சோறு கொதிக்கும் குசினிக்குள் குளிர்ந்த கமராவைக் கொண்டுபோனால் வேர்க்கத்தான் செய்யும். வெளியிலேயே பையில் போட்டு ஸிப்பை மூடி, முன் காம்பராவில் (முன் அறையில்) அரை மணி நேரம் வைத்துவிட்டுத் திறக்க வேண்டும். அந்த ஈரம்தான் பிறகு பூஞ்சணமாகிறது. இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றும் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணியும் வாங்கி வையுங்கள். அரிசிக்குள் வைக்கச் சொல்வார்கள், வைக்காதீர்கள், தவிட்டுத் தூள் லென்ஸ் வளையத்துக்குள் போகும். நீல மணி இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். மெல்லிய நெருப்பில் வறுத்தால் மறுபடி நீலமாகும். அந்த நீலம் கோபால்ட் உப்பு, நஞ்சு. வறுக்கும் சட்டியைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம். முடிந்தால் கோபால்ட் இல்லாத செம்மஞ்சள் மணியாகக் கேட்டு வாங்குங்கள்.