ஃபைபர் போட்டும் வீடியோ சுற்றுகிறதா? எங்கே தவறு நடக்கிறது என்று பாருங்கள்

ஃபைபர் இணைப்பு கொடுக்க வருபவர் முதலில் கேட்பது, "பாக்ஸ எங்க வெக்கணும்?" பல வீடுகளில் யோசிக்காமலே பதில் வந்துவிடும்: "வாசல் பக்கமே வெச்சிடுங்க, வீட்டுக்குள்ள ஒயர் வேணாம்." படுக்கையறையில் சிக்னல் இல்லை என்று பிறகு வரும் புலம்பல்களில் பலவும் அந்த ஒரு பதிலில் தொடங்கியவைதான்.

கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே ரூட்டரும் (வைஃபை தரும் அந்தப் பெட்டி) இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஃபைபரில் ஒளி ஒரு கிலோமீட்டர் ஓடினாலும் இழப்பு அரை டெசிபலைத் தொடாது. கேபிளைக் கூடுதலாகப் பத்து மீட்டர் உள்ளே இழுப்பதால் வேகம் ஒரு துளியும் குறையாது. அதே பத்து மீட்டரை வைஃபை இரண்டு கான்கிரீட் சுவர் தாண்டிக் கடக்க வேண்டுமென்றால் சிக்னல் பெருமளவு செத்துப்போகும். ஆகவே ஒயரை உள்ளே விடுங்கள். வீட்டின் நடுப்பகுதியில், நெஞ்சு உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் ரூட்டர் இருக்கட்டும். டிவிக்குப் பின்னால், இரும்பு பீரோவின் மேல், பெரிய கண்ணாடிக்கோ மீன் தொட்டிக்கோ பக்கத்தில் வேண்டாம். உலோகம் அலையைத் திருப்பி அடிக்கும், தண்ணீர் விழுங்கும். பார்க்க அழகாக இல்லை என்று அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துபவர்களும் உண்டு. சிக்னலும் போகும், பெட்டியும் வெந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது தவறு, ஃபைபரை மின் ஒயர் போலக் கையாள்வது. உள்ளே ஒளி ஓடும் கண்ணாடி இழையின் மையம் வெறும் 9 மைக்ரான். மூலையில் செங்குத்தாக மடக்கினால் ஒளி அந்த இடத்தில் வெளியே கசிந்துவிடும். வீடுகளுக்கென்று வரும் வளைவு தாங்கும் இழைகளுக்கே 7.5 முதல் 10 மில்லிமீட்டர் ஆரம் வேண்டும். அதனால் ஆணி கிளிப்பை இறுக்கி அடிப்பது, கதவு இடுக்கில் நசுங்க விடுவது, மிச்சக் கேபிளைச் சுருட்டி டேக் போட்டு முறுக்குவது எதுவும் ஆகாது. உள்ளங்கை அகலத்துக்குத் தளர்வாகச் சுற்றித் தொங்கவிட்டால் போதும். பெட்டியில் செருகியிருக்கும் பச்சைக் கனெக்டரை வீடு துடைக்கும்போது கழற்றி மாட்டாதீர்கள். முனையில் ஒட்டும் தூசியே இணைப்பைக் கெடுக்கும். முனையைக் கண்ணருகே கொண்டுபோய் 'வெளிச்சம் வருதா' என்று பார்ப்பதும் கூடாது. வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி.

டெக்னீஷியன் கிளம்பும் முன் ஒன்று மட்டும் கேட்டு வாங்குங்கள்: ஆப்டிகல் பவர், அதாவது பெட்டிக்கு வந்து சேரும் ஒளியின் பலம், எவ்வளவு? அவர் கையிலுள்ள மீட்டரிலோ பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்திலோ தெரியும். ஜிபான் (ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் முறை) வகை இணைப்பில் பெட்டி பொதுவாக மைனஸ் 8 முதல் மைனஸ் 27 டிபிஎம் வரை ஏற்கும். டிபிஎம் என்பது ஒளியின் பலத்தை அளக்கும் அலகு; மைனஸுக்குப் பின் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி பலவீனம். மைனஸ் 20 ஒட்டி இருந்தால் நிம்மதி. மைனஸ் 26 என்றால் இன்று நெட் ஓடும். நாளை எங்கோ ஒரு இணைப்பு லேசாகத் தளர்ந்தாலும் விழுந்துவிடும். "ஓடுதுல்ல, அப்புறம் என்ன?" என்பார் அவர். அசையாதீர்கள். ஒட்டுப்போட்ட இடத்தையும் கனெக்டரையும் அப்போதே சரிபார்க்கச் சொல்லுங்கள். அந்த எண்ணை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து இணைப்பு அடிக்கடி அறுந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் ஆதாரம்.

அடுத்தது வேகத்தை அளப்பது. இதில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள். போனை எடுத்து, கடைசி அறையில் உட்கார்ந்து, ஸ்பீடு டெஸ்ட் போட்டுவிட்டு நிறுவனத்தைத் திட்டுவார்கள். அந்த எண் ஃபைபரின் வேகத்தைச் சொல்லவில்லை. போனுக்கும் ரூட்டருக்கும் நடுவில் நடப்பதையும் சேர்த்துச் சொல்கிறது. முதலில் லேப்டாப்பை லேன் கேபிளால் (நெட்வொர்க் ஒயர்) ரூட்டரோடு இணைத்து அளந்து பாருங்கள். ஒயரில் முழு வேகம் வந்தால் ஃபைபர் சரி, சிக்கல் வைஃபையில். ஒயரிலேயே வரவில்லை என்றால்தான் நிறுவனத்தைக் கேட்க வேண்டும்.

அங்கேயும் ஒரு குழி உண்டு. 200 எம்பிபிஎஸ் (நொடிக்கு 200 மெகாபிட்) திட்டம், ஒயரில் அளந்தால் 94க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. இந்த 94ஐக் கண்டால் நிறுவனத்தைச் சந்தேகிக்கும் முன் கேபிளைச் சந்தேகியுங்கள். லேன் கேபிளுக்குள் எட்டு ஒயர்கள். ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகத்துக்கு எட்டும் வேண்டும்; 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கே போதும். மற்ற நான்கில் ஒன்று அறுந்திருந்தாலும் பெரும்பாலும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். பழைய லேப்டாப்பின் போர்ட்டே 100தான் என்றாலும் இதே கதை. கேட் 5இ அல்லது அதற்கு மேற்பட்ட நல்ல கேபிளை மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். டவுன்லோடு 12 எம்பி வேகத்தில்தான் போகிறது என்று வருத்தப்படுவோருக்கு: எம்பிபிஎஸ் பிட் கணக்கு, டவுன்லோடில் காட்டும் எம்பி பைட் கணக்கு; ஒரு பைட்டுக்கு 8 பிட். 100 எம்பிபிஎஸ்ஸை 8ஆல் வகுத்தால் 12.5தான் வரும்.

வைஃபைக்கு வருவோம். பெரும்பாலான ரூட்டர்கள் இரண்டு அலைவரிசைகளில் ஓடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமாகப் போகும், சுவரில் தடுமாறும். 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் (அலைவரிசைக்குள் உள்ள தடங்கள்) 1, 6, 11 ஆகிய மூன்றுதான். அடுக்குமாடியில் இருபது ரூட்டர்கள் அந்த மூன்றுக்குள் முட்டிக்கொள்கின்றன. சிக்னல் கோடு முழுதாக இருந்தும் வீடியோ சுற்றுவது பல நேரம் இதனால்தான். கோடு சிக்னலின் பலத்தைக் காட்டும், நெரிசலைக் காட்டாது. போனும் டிவியும் ரூட்டருக்கு அருகில் இருந்தால் 5இல் இணையுங்கள். ஸ்மார்ட் பல்பு போன்ற பலவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும், அவை அங்கேயே கிடக்கட்டும். ரூட்டரில் யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் செருகியிருந்தால் கழற்றிப் பாருங்கள். அதன் இரைச்சல் 2.4 அலைவரிசையில் வந்து விழும். இதை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

சிக்னல் வராத அறைக்குள்ளேயே ரிப்பீட்டரை வைப்பது இன்னொரு வேடிக்கை. அதற்கே சிக்னல் கிடைக்காதபோது எதைத் திருப்பி அனுப்பும்? ரூட்டருக்கும் அந்த அறைக்கும் பாதி வழியில் வைக்க வேண்டும். அப்படி வைத்தாலும் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே அனுப்பும் வகையென்றால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். என்னைக் கேட்டால், அந்த அறைக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து முனையில் ஆக்சஸ் பாயின்ட் (ஒயரில் வருவதை வைஃபையாகக் கொடுக்கும் பெட்டி) வைப்பதுதான் சரி. மெஷ் (ஒரே நெட்வொர்க்காகச் சேர்ந்து ஓடும் பல வைஃபை பெட்டிகள்) வாங்கினாலும் யூனிட்டுகளை ஒயரால் இணைக்க முடிந்தால் இணைத்துவிடுங்கள்.

சொந்த ரூட்டர் வாங்கி நிறுவனம் கொடுத்த பெட்டியின் பின்னால் மாட்டுகிறவர்கள், அந்தப் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (ரூட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும் நிலை) மாற்றச் சொல்ல வேண்டும். அல்லது புதியதை ஆக்சஸ் பாயின்ட் மோடில் போட வேண்டும். இரண்டும் ரூட்டராகவே ஓடினால் சில விளையாட்டுகளும் வெளியிலிருந்து கேமரா பார்ப்பதும் மக்கர் செய்யும். ரூட்டரின் வான் (WAN) முகவரி, அதாவது நிறுவனத்தின் பக்கம் அதற்குத் தரும் ஐபி எண், 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் உங்களுக்குத் தனிப் பொது ஐபி இல்லை என்று பொருள். ஐபிவி4இல் (பழைய வகை ஐபி முகவரி) போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வீட்டுச் சாதனத்தை அடைய வழி திறப்பது) அங்கே வேலை செய்யாது. அது தேவைப்படுகிறவர்கள் இணைப்பு வாங்கும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

வீடியோ கால் உறைந்தால் உடனே பெரிய திட்டத்துக்கு மாறுவதும் வீண் செலவாகப் போகலாம். வீட்டில் யாரோ போட்டோக்களை மொத்தமாக அப்லோடு செய்துகொண்டிருந்தால் வரிசையில் பின்னால் நிற்கும் உங்கள் பேச்சு தாமதமாகும். ரூட்டரில் எஸ்கியூஎம் (SQM; இந்த வரிசையை ஒழுங்குபடுத்துவது) என்ற வசதி இருந்தால் போட்டு, திட்டத்தின் வேகத்தைவிட ஐந்து பத்து சதவீதம் குறைவாக வரம்பு வைத்தால் இது பெரும்பாலும் தீரும்.

கடைசியாக, எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மின்னினால் பெட்டிக்கு ஒளியே வரவில்லை. அப்போது ஊசியை எடுத்து ரீசெட் துளையில் குத்தாதீர்கள். ஒளியும் வராது, உள்ளே இருந்த பயனர் பெயரும் செட்டிங்ஸும் அழிந்து, கேபிள் சரியான பிறகும் நெட் வராமல் நிற்கும். கஸ்டமர் கேரை அழைத்து விளக்கின் நிறம், எப்போதிலிருந்து, போட்டோவில் உள்ள டிபிஎம் எண் மூன்றையும் சொல்லுங்கள். "ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பதைத் தாண்டி உடனே ஆளை அனுப்பக் கேட்க இது உதவும்.